கார்ட்டூன் கேக்கும் பிறந்தநாள் விருந்தும்: முதன்முறை செய்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு, நான் ஃபாண்டன்டில், அதாவது கேக்கைப் போர்த்தவும் பொம்மை செய்யவும் பயன்படும் சர்க்கரைப் பிசைவில், செய்து உட்கார வைத்திருந்த சிங்கக்குட்டி என் கண்ணெதிரே மெல்லக் குனிந்து, தன் முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மாலையில் உருட்டிய பொம்மை இரவுக்குள் இறுகிவிடும் என்று நம்பியதுதான் என் தவறு. உடல் காய்வதற்கே ஓரிரு நாள் ஆகும், தலையை அதற்குப் பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நிமிர்த்த நிமிர்த்த அது சாய்ந்துகொண்டே இருந்ததால், கடைசியில் திறந்த கண்களை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இரண்டு வளைகோடுகளைக் கீறி, தூங்கும் சிங்கமாகவே கேக்கின் மேல் வைத்தேன். வந்திருந்த குழந்தைகளில் ஒருவர்கூட அதைக் குறையாகப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து நான் கேக் வேலையை அடுப்பில் தொடங்குவதில்லை, நாட்காட்டியில்தான் தொடங்குகிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

விருந்து நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

விருந்து சனிக்கிழமை மாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அன்று காலையில் கேக்கைப் பொறுத்தவரை உங்களுக்கு இரண்டே வேலைகள் இருக்க வேண்டும்: பொம்மையை மேலே வைப்பது, கேக்கை விருந்து நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. ஃபாண்டன்ட் போர்த்துவதை வெள்ளிக்கிழமை முடித்துவிட வேண்டும். அதற்கு முந்தைய நாளான வியாழக்கிழமை, கேக்கை அடுக்கி, நடுவில் கிரீம் வைத்து, முதல் பூச்சையும் பூசி முடிக்க வேண்டும். சுடுவது புதன்கிழமை, ஏனெனில் அன்று சுட்ட கேக் உதிரும், இறுக மூடி ஓர் இரவு வைத்த கேக்கே கத்திக்கு வளைந்துகொடுக்கும். பொம்மைகளை அதற்கும் முந்தைய சனி, ஞாயிறுகளிலேயே செய்து காயவிட வேண்டும். அவை சர்க்கரைப் பொருள்கள் என்பதால் இரண்டு வாரம் முன்கூட்டிச் செய்தாலும் கெடுவதில்லை. அட்டைப் பெட்டியில் காற்றோட்டமாக வைத்தால் போதும்; குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும்.

விருந்துக்கும் இதே போன்ற ஒரு கணக்கு உண்டு. நான்கு வாரத்துக்கு முன் நாளும் இடமும், மூன்று வாரத்துக்கு முன் அழைப்பு, ஒரு வாரத்துக்கு முன் வருகிறவர்களின் இறுதி எண்ணிக்கை. இந்த எண்ணிக்கை கைக்கு வராமல் கேக்கின் அளவைத் தீர்மானிக்க முடியாது என்பதால், அழைப்பிலேயே ‘வருவதை இந்தத் தேதிக்குள் தெரிவியுங்கள்’ என்று எழுதிவிடுவது நல்லது. அதே அழைப்பில் முடியும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். ‘மாலை 4 முதல் 6 வரை’ என்று எழுதினால் பெற்றோர் அதைத் தவறாக நினைப்பதில்லை. உண்மையில் நிம்மதிதான் அடைகிறார்கள். மூன்றாவதாக, குழந்தைக்கு ஒவ்வாத உணவு ஏதேனும் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி, பாதாம் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் மறக்காமல் பதில் வரும்.

எத்தனை பேர், எவ்வளவு பெரிய கேக்

குழந்தையின் வயதுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையில் நண்பர்களை அழைக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஐந்து வயதுக்கு ஆறு பேர். உறவும் நட்பும் சூழ்ந்த வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்றாலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு மேல் கூடினால் ஒரு பெரியவரால் சமாளிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கேக்கின் அளவுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். 20 செ.மீ. சதுர கேக்கை 5 செ.மீ.க்கு 5 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 16 துண்டுகளும், 5 செ.மீ.க்கு 2.5 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 32 துண்டுகளும் கிடைக்கும். அடுக்குக் கேக் 8, 9 செ.மீ. உயரம் இருக்குமாதலால் குழந்தைக்குச் சிறிய துண்டே அதிகம். வட்டக் கேக்கின் பரப்பு சற்றுக் குறைவு: 20 செ.மீ. வட்டம் ஏறத்தாழ 18 செ.மீ. சதுரத்துக்குச் சமம். 20 செ.மீ. டின்னுக்கான அளவுக் குறிப்பை 25 செ.மீ. வட்ட டின்னில் சுட விரும்பினால் எல்லாப் பொருள்களையும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகக் கூட்ட வேண்டும். இரண்டு அங்குலம்தானே கூடுகிறது என்று அதே மாவை ஊற்றுகிறவர்களுக்குத் தட்டையான கேக்தான் கிடைக்கும்.

கூட்டம் பெரிதாக இருந்தால் பெரிய கேக்குக்கு ஆசைப்படாதீர்கள். 20 செ.மீ. அலங்காரக் கேக் ஒன்றும், அதே மாவில் அலங்காரமில்லாமல் சுட்டு உள்ளேயே துண்டு போட்டு வைத்த தட்டைக் கேக் ஒன்றும் இருந்தால் ஐம்பது பேருக்கும் கொடுத்துவிடலாம். எந்தத் துண்டு எந்தக் கேக்கிலிருந்து வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

எந்தக் கதாபாத்திரம், எந்த முறை

கதாபாத்திரத்தைக் குழந்தைதான் தேர்ந்தெடுக்கும். அதில் உங்களுக்கு அதிக உரிமை இல்லை. முறையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தட்டையான கேக்கின் மேல் படம் வரைவது. கதாபாத்திரத்தின் படத்தைத் தேவையான அளவில் அச்சிட்டு, அதன் மேல் பட்டர் பேப்பரை ஒட்டி, கோடுகளை அடர்நிற பட்டர் கிரீமால் வரைந்து, இடைவெளிகளை அந்தந்த நிறத்தால் நிரப்பி, கடைசியில் பின்புறம் முழுவதும் ஒரே நிறத்தால் மெழுகி, உறைநிலைப் பெட்டியில் கல்லாக இறுகும்வரை வைக்க வேண்டும். பிறகு அதைக் கேக்கின் மேல் கவிழ்த்துத் தாளை உரித்தால் படம் வழுவழுப்பாக வந்து உட்காரும். கவிழ்ப்பதால் இடம் வலமாகிவிடும் என்பதால் படத்தை முதலிலேயே கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். வயதை எண்ணாக எழுதியவர்கள் இதை மறந்தால் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கும். ஃபாண்டன்ட் பிடிக்காத வீடுகளுக்கு இதுவே மிகச் சிறந்த வழி.

இரண்டாவது, எளிய வட்டக் கேக்கின் மேல் ஒரு பொம்மையை வைப்பது. மூன்றாவது, கேக்கையே செதுக்கி ஒரு காராகவோ யானையாகவோ ஆக்குவது. பார்ப்பதற்கு மூன்றாவது வழிதான் மனத்தை இழுக்கும். முதன்முறை செய்கிறவர் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செதுக்குகையில் ஒரு பங்கு கேக் வீணாகும், வளைந்த பரப்பில் ஃபாண்டன்ட் மடிப்பு விழாமல் போர்த்துவது பழகியவர்களுக்கே சவால், 10 செ.மீ.க்கு மேல் உயரம் போனால் உள்ளே தாங்குகுச்சியும் இடையட்டையும் வேண்டும். இவையெல்லாம் போக, ஒருமுறை முழு உருவமாகச் செதுக்கிய கேக்கின் முகத்தில் கத்தி இறங்கியபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிறந்தநாள் பிள்ளை ஓவென்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரை இரண்டாவது வழியை எடுத்துக்கொள்கிறது. பொம்மை தவறிப்போனாலும் கேக் தப்பிக்கும். கேக் கோணினாலும் பொம்மை அதை மறைக்கும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. தன் குழந்தைக்காக வீட்டில் செய்வதும், அதே உருவத்தைக் காசுக்குச் செய்துகொடுப்பதும் ஒன்றல்ல. விற்பதாக இருந்தால் அந்தக் கதாபாத்திரத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். பழைய உருவம்தானே என்ற சமாதானமும் எப்போதும் செல்லாது: 1928இல் வெளிவந்த மிக்கி மவுஸின் கறுப்பு வெள்ளை உருவம் அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை ஆனது, ஆனால் பிற்காலத்தில் மாறிய உருவங்களுக்கு அது பொருந்தாது, வணிகக் குறி உரிமையும் தனியாக நீடிக்கிறது.

கேக்கைச் சுடுதல்

ஃபாண்டன்டின் எடையைத் தாங்க, பஞ்சு போன்ற கேக் உதவாது. நெருக்கமான வெண்ணெய்க் கேக் வேண்டும். 20 செ.மீ. வட்ட டின் இரண்டுக்கு, உப்பில்லாத வெண்ணெய் 300 கிராம், பொடித்த சர்க்கரை 300 கிராம், முட்டை 6, மைதா 360 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 4 மேசைக்கரண்டி, வெனிலா எசென்ஸ் 2 தேக்கரண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம் இருக்குமாதலால் வெண்ணெய், சர்க்கரை, முட்டை மூன்றும் சம எடையாகின்றன. அறுபது கிராம் மைதாவைக் கூட்டியிருப்பதுதான் இந்தக் கேக்குக்கு உறுதியைக் கொடுக்கிறது.

வெண்ணெயும் முட்டையும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து எடை குறைந்தது போல் தோன்றும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். குளிர்ந்த முட்டையைச் சேர்த்தால் கலவை திரிந்து போகும்; அப்போது பதறாமல் ஒரு கரண்டி மைதாவைத் தூவி அடித்தால் சேர்ந்துகொள்ளும். பிறகு சலித்த மைதாவையும் பேக்கிங் பவுடரையும், பாலையும், எசென்ஸையும் சேர்த்து, மைதா மறையும் அளவுக்கு மட்டும் கலக்கவும். வெண்ணெய் தடவி அடியில் பட்டர் பேப்பர் இட்ட டின்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், முன்கூட்டிச் சூடாக்கிய அவனில் 160 டிகிரி செல்சியஸில் சுடவும். 45 நிமிடத்துக்குப் பிறகு நடுவில் ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. அதற்கு முன்பே கதவைத் திறந்து திறந்து பார்த்தால் நடுப்பகுதி அமுங்கும். கலவைக் கிண்ணத்தை நக்கக் குழந்தைகள் காத்திருப்பார்கள். முட்டையைப் போலவே வேகாத மைதாவிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால் அந்தப் பழக்கத்தை அனுமதிக்க வேண்டாம்.

முட்டை ஒவ்வாத குழந்தை வருவதாக இருந்தால், இந்த அளவுக் குறிப்பிலிருந்து முட்டையை மட்டும் நீக்கிப் பரிசோதனை செய்யாதீர்கள். முட்டையில்லாத கேக்குக்கென்றே அமைந்த குறிப்பை எடுத்து, ஒருமுறை சுட்டுப் பார்த்த பிறகே விருந்துக்குச் செய்யவும்.

அடுக்குதல், பூசுதல், போர்த்துதல்

ஆறிய கேக்குகளின் மேல் புடைப்பை ரம்பப்பல் கத்தியால் சீவி, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக அறுத்தால் நான்கு அடுக்குகள் கிடைக்கும். சீவியதை எறிய வேண்டாம். கத்தி போன போக்கில் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால் அதை வைத்து நிரப்பலாம். பட்டர் கிரீமுக்கு வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சர்க்கரை இரண்டு பங்கு என்பதுதான் அளவு. இந்தக் கேக்குக்கு 300 கிராம் வெண்ணெயும் 600 கிராம் ஐசிங் சர்க்கரையும் போதும். விளிம்பு கூர்மையாக வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் வெளிப்பூச்சுக்கு கனாஷ் என்னும் சாக்லேட் பூச்சைச் செய்யலாம்: டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு, மில்க் சாக்லேட் என்றால் மூன்று பங்கு.

அடுக்கியவுடன் பூசிவிடக் கூடாது. கேக்கைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே ஒரு சிறு தட்டை வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். கேக் தன் எடையில் அமர்ந்து, உள்ளிருக்கும் கிரீமும் காற்றும் பிதுங்க வேண்டியதெல்லாம் இப்போதே பிதுங்கிவிடும். இதைச் செய்யாவிட்டால், ஃபாண்டன்ட் போர்த்திய மறுநாள் காலை கேக்கின் இடுப்பைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் புடைத்திருக்கும். அப்போது சரிசெய்ய வழி இல்லை. அமர்ந்த பிறகு, துகள்கள் ஒட்டுவதற்காக மெல்லிய முதல் பூச்சு, அரைமணி நேரம் குளிர்பதனம், பின் இரண்டாம் பூச்சு.

ஃபாண்டன்ட் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி எல்லோரிடமும் வரும். கேக்கின் அகலத்துடன் உயரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் விரிப்பின் அகலம் கிடைக்கும். 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கேக்குக்கு 40 செ.மீ., கை தவறுக்கு இன்னும் 4 செ.மீ. இதை 4 மி.மீ. கனத்தில் உருட்ட ஏறக்குறைய 800 கிராம் பிடிக்கும். முதன்முறை என்றால் ஒரு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். காதுமடலைத் தொட்டால் இருக்கும் மென்மை வரும்வரை பிசைந்து, சோள மாவு தூவிய மேசையில் உருட்டவும். இரண்டு உருட்டுக்கு ஒருமுறை விரிப்பைக் கால்வட்டம் திருப்ப வேண்டும், கவிழ்க்கக் கூடாது. உருட்டுக்கட்டையில் சுற்றி எடுத்துக் கேக்கின் மேல் விரித்தவுடன் மேற்பரப்பை முதலில் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். பக்கவாட்டில் விழும் மடிப்புகளை உள்ளே அமுக்காமல், பாவாடைக் கொசுவத்தை விரிப்பது போல வெளியே இழுத்து விரித்து, மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். காற்றுக் கொப்புளம் தெரிந்தால் மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தித் தடவிவிடலாம். கீழ் விளிம்பை முதல் வெட்டில் ஒரு செ.மீ. விட்டு வெட்டி, படிந்த பிறகு ஒட்ட வெட்டவும். மீந்த துண்டுகளை உடனே காற்றுப் புகாமல் மூடுங்கள். பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே யானைத்தோல் போலச் சுருக்கம் கண்டுவிடும்.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. திரவ நிறம் ஃபாண்டன்டைக் குழைத்துவிடும். ஜெல் கலரையே பயன்படுத்துங்கள். அடர்சிவப்பையும் கறுப்பையும் வீட்டில் கலக்க முயல வேண்டாம், நிறமூட்டியதாகவே வாங்கிவிடுங்கள். எவ்வளவு நிறம் சேர்த்தாலும் சிவப்பு ரோஜா நிறத்திலேயே நிற்கும், கூடவே கசக்கும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னதாக நிறுத்தி ஓர் இரவு மூடி வையுங்கள், நிறம் தானே அடர்ந்துவிடும். ஊதாவும் இளஞ்சிவப்பும் வெயில் படும் இடத்தில் வெளுக்கும். ஆறு செயற்கை நிறங்கள் குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை உணவுப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் விதி. கேக் முழுவதையும் அடர்நிறத்தில் போர்த்தாமல், வெளிர்நிறக் கேக்கில் பொம்மைக்கு மட்டும் அடர்நிறம் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொம்மை செய்தல்

ஒரு கதாபாத்திரத்தைக் குழந்தை எப்படி அடையாளம் காண்கிறது என்று கவனித்துப் பாருங்கள். நிழலுருவம், ஒரு நிறம், ஒரு அடையாளப் பொருள் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மற்றவற்றைக் குழந்தை தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே படத்தை எதிரில் வைத்து, அதிலுள்ள எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். சட்டைப் பொத்தான், விரல் நகம், காலணிக் கயிறு எல்லாம் அந்தப் பட்டியலுக்குத்தான் போக வேண்டும்.

நான் மீண்டும் அந்தச் சிங்கக்குட்டியையே எடுத்துக்கொள்கிறேன். உட்கார்ந்த நிலை, உயரம் சுமார் 8 செ.மீ. 250 கிராம் ஃபாண்டன்டுக்கு, அதை இறுகவைக்கும் சிஎம்சி பவுடர் ஒரு தேக்கரண்டி என்ற அளவில் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைத்தால், காய்ந்து இறுகும் பதம் வரும். கால் தேக்கரண்டி சிஎம்சி பவுடரை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து முந்தைய இரவே வைத்துவிட்டால் அதுவே பசை. பசையைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் போதும். வழிய வழியப் பூசினால் உறுப்புகள் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

உடலுக்கு 70 கிராம் எடுத்து, உள்ளங்கைகளுக்கு இடையில் முதலில் அழுத்தமாகவும் பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தும் உருட்டுங்கள். வெடிப்பெல்லாம் மூடிய வழுவழுப்பான உருண்டை கிடைத்த பிறகுதான் வேறு வடிவத்துக்குப் போக வேண்டும். உருண்டையில் இருந்த வெடிப்பு பொம்மையிலும் இருக்கும். கை வறண்டிருந்தால் வெள்ளைத் தாவரக் கொழுப்பைத் துளி தடவிக்கொள்ளலாம். உருண்டையின் ஒரு முனையைக் குறுக்கிப் பேரிக்காய் வடிவமாக்கி நிறுத்தி, வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றை மேலிருந்து செருகி, ஒரு செ.மீ. வெளியே நீட்டியிருக்க விடுங்கள். தலையைத் தாங்கப்போவது அதுதான். பல்குத்தியைச் செருகினால் வேலை எளிது. ஆனால் பொம்மையைக் கடிக்கப்போவது குழந்தை.

உடல் ஒரு நாளாவது நின்று இறுகட்டும். பிறகு பத்துப் பத்து கிராமில் நான்கு கால்கள். தலைக்கு 40 கிராம் உருண்டை. இந்த இடத்தில் நிதானமாக இருங்கள், ஏனெனில் பொம்மையின் முகம் முழுவதும் கண்கள் அமரும் உயரத்தில்தான் இருக்கிறது. புதியவர்கள் கண்களை முகத்தின் மேற்பாதியில் வைத்துவிடுவார்கள்; உடனே குட்டி வயதாகிப்போய், யாரோ ஒரு கணக்காசிரியர் மாதிரி பார்க்கத் தொடங்கும். பெரிய நெற்றி, தாழ்ந்து அகன்ற கண்கள், சிறிய மூக்கு ஆகியவையே ஓர் உருவத்தைக் குழந்தையாக உணரவைக்கின்றன என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் 1943இல் விளக்கினார். கார்ட்டூன் வரைகிறவர்களின் கையிருப்பும் அதுதான். எனவே தலையின் நடுவில் மெல்லிய கோடு ஒன்றைக் கற்பனை செய்து, அதற்குச் சற்றுக் கீழே, இடையில் ஒரு கண்ணின் அகலம் விட்டு, இரண்டு சிறு குழிகளை அமுக்குங்கள். மிளகு அளவில் கறுப்பு உருண்டைகளைக் குழியில் வைத்து, இரண்டிலும் ஒரே பக்கத்தில், வலம் என்றால் இரண்டுக்கும் வலத்தில், ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி வைத்தவுடன் அது உங்களைப் பார்க்கும். புள்ளிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தால் பார்வை மாறுகண்ணாகிவிடும்.

தலையை ஏற்றியவுடன் இருபுறமும் பஞ்சு வைத்துத் தாங்கல் கொடுத்து, மேலும் இரண்டு நாள் காயவிடவும். பிடரியைக் கடைசியில், மெல்லிய இதழ்களாகச் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் படுத்திருக்கும் பொம்மையைச் செய்யுங்கள். சாய்வதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

மினுமினுப்புத் தூள் வாங்கும்போது உறையைப் படியுங்கள். ‘நச்சற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளாகாது. ‘உண்ணத்தக்கது’ என்று எழுதி, உட்பொருள் பட்டியலும் அச்சிட்டிருக்க வேண்டும்.

விருந்தின் இரண்டு மணி நேரம்

மூன்று, நான்கு வயதுக்கு ஒன்றரை மணி நேரமும், ஐந்து முதல் எட்டு வயதுக்கு இரண்டு மணி நேரமும் போதுமானவை. சிறு பிள்ளைகளின் பகல் தூக்க நேரத்தில் விருந்து வைத்தால் அலங்காரம் எதுவும் காப்பாற்றாது.

கதாபாத்திரத்தைச் சுவர், தட்டு, குவளை, தொப்பி, பை என்று எல்லாவற்றிலும் அச்சிடும் ஆசையைத் தவிர்க்கலாம். அதன் இரண்டு நிறங்களை மட்டும் எடுத்து, பலூன், மேசைவிரிப்பு, தட்டு எல்லாவற்றையும் அந்த நிறங்களில் வைத்து, உருவத்தைக் கேக்கிலும் அழைப்பிலும் மட்டும் காட்டினால், கேக் வெளியே வரும் கணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும். முகமூடி முழு உடையில் ஆள் வரவழைப்பதாக இருந்தால், மூன்று வயதுக்குட்பட்டவர்களில் பலர் படத்தில் ரசிக்கும் அதே உருவம் ஆறடியில் எதிரே வந்து நின்றால் அலறுவார்கள் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

4 மணி விருந்துக்கு எல்லோரும் 4 மணிக்கு வரப்போவதில்லை. முதல் இருபது நிமிடத்துக்கு, யார் எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஒரு மேசை வேலை வேண்டும்: கதாபாத்திரத்தின் கோட்டுப்படத்துக்கு வண்ணம் தீட்டுவது, காகிதக் கிரீடம் ஒட்டுவது. பிறகு முக்கால் மணி நேர விளையாட்டு. தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளில், முதலில் வெளியேறும் குழந்தை சும்மா நின்று அழும் அல்லது கேக்கைத் தேடிப் போகும். இசை நின்றவுடன் சிலையாகும் விளையாட்டை, அசைந்தவர் வெளியேறாமல் நடுவருக்கு உதவியாளராகும்படி மாற்றிக்கொண்டால் ஒருவரும் சும்மா இருக்க நேராது. ஓடும் விளையாட்டை முதலிலும், உட்காரும் விளையாட்டைக் கேக்குக்குச் சற்று முன்பும் வையுங்கள்.

ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். பலூன் வெடித்தால் துண்டுகளைப் பொறுக்குவதற்கென்றே ஒருவர் இருக்கட்டும். முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றை ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் தட்டில் வைக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

கேக்கைக் கொண்டுபோதல், வெட்டுதல்

காரில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், மடி சாய்வானது என்பதை மறந்துவிடுகிறார்கள். வழுக்காத விரிப்பு ஒன்றைக் காரின் தட்டையான தரையில் போட்டு, அதன் மேல் பெட்டியை வையுங்கள். பொம்மை தனிப் பெட்டியில் வர வேண்டும். சிறிது பட்டர் கிரீம், ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உருண்டை ஃபாண்டன்ட், தூரிகை, பசை, சிறு கத்தி ஆகியவை அடங்கிய ஒரு டப்பாவும் கூடவே வரட்டும். காது உடையாமல் வந்து சேர்ந்த பொம்மைகள் குறைவு. குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த கேக் என்றால், அட்டைப் பெட்டியோடு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். வியர்வை கேக்கில் படியாமல் பெட்டியில் படிந்துகொள்ளும்.

கேக் நேரத்தை விருந்தின் கடைசிக்குத் தள்ளாமல், முடிய நாற்பது நிமிடம் இருக்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களைக் குழந்தைகள் சூழ்வதற்கு முன் எடுத்துவிட வேண்டும். மெழுகுவத்தி ஊதுவது பற்றி 2017இல் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: ஊதிய பூச்சில், ஊதாத பூச்சைவிடச் சராசரியாக 1400 சதவீதம் கூடுதல் பாக்டீரியாக்கள் இருந்தன. அதற்காக யாரும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை என்றாலும், யாருக்கேனும் சளி பிடித்திருக்கும் காலத்தில் மெழுகுவத்தியை ஒரு கப் கேக்கில் தனியாக ஏற்றி, பிள்ளை அதை ஊதியபின் அதை அவனுக்கே கொடுத்துவிடுவது எளிய வழி.

வெட்டத் தொடங்கும் முன் பொம்மையை எடுத்துப் பிறந்தநாள் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு வெட்டு முடிந்தவுடன் கேக் உள்ளே போகட்டும். வட்டக் கேக்கை முக்கோணமாக வெட்டாமல், நேர்கோட்டில் 2.5 செ.மீ. கனமுள்ள பலகைகளாக வெட்டி, ஒவ்வொரு பலகையையும் படுக்கவைத்துத் துண்டுபோட வேண்டும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைத்தால் ஃபாண்டன்டின் நிறம் கேக்கில் இழுபடாது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேறு கேக் செய்திருந்தால் அதற்கு வேறு கத்தி.

மீந்த கேக்கை வெட்டுமுகம் மூடும்படி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மூடிய டப்பாவில் வைத்தால் பட்டர் கிரீம் கேக் குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் இருக்கும். ஃப்ரெஷ் கிரீமோ பழமோ வைத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பொம்மையைத் தின்ன மனமில்லாமல் பிள்ளை பத்திரப்படுத்தச் சொன்னால், ஈரம் படாத அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும். எங்கள் வீட்டுத் தூங்கும் சிங்கம் இரண்டு ஆண்டுகள் இருந்தது. பிறகு எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன.